பூண்டு நறுக்க ஒரு டெக்னோ கேசட்

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், கொடைக்கானலில் பூம்பாறை பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். எனக்கு முன்னால் நின்ற பூண்டு வியாபாரி அம்மாள், அந்த வழியாக வந்த, நாயுடுபுரத்தில் கேசட் பதிந்து கொடுக்கும் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பக்கம் சினிமாப் பாட்டு, மறுபக்கம் ஏதோ மிசினு ஓடுது. இப்படியா பதிஞ்சு குடுப்பீங்க தம்பி?"

"மாறிப்போச்சுக்கா. அது டெக்னோன்னு ஒரு மியூசிக்கு. அமெரிக்காக்காரர் ஒருத்தர் மிசினை வச்சே போட்டது. ஆரம்பத்துல அவரு போட்டதெல்லாம் சேத்து ஒரே கேசட்டா வந்துருக்கு. குடுங்க, அதை அழிச்சுட்டு அந்தப் பக்கமும் சினிமாப் பாட்டாப் போட்டுத் தாரேன்."

"அதை அழிக்கச் சொல்லி யாரு கேட்டா? சினிமாப் பாட்டை அழிங்க. மிசினு ஓடுனா, பூண்டுத் தண்டு நறுக்குற பொம்பளைகளுக்குக் கை வெரசா ஓடுது. திருப்பிப் போட்டா எவனோ காதல்னு அழுகுறான், அத்தனை கையும் நின்னுபோகுது."

கடைக்காரர் தயங்கினார். "அதுல ஒரு வார்த்தைகூட இல்லையேக்கா."

"அதத்தான் சொல்றேன். அந்த மனுசன் வாயை மூடிக்கிட்டுக் கொட்டுறாரு, நாங்க பேசிக்கிட்டே வேலை பாக்குறோம். வீட்டுலதான் எங்களைப் பேச விடுறதில்ல. பூண்டுக் கொட்டகையிலயும் ஒரு ஆம்பளையே பேசிக்கிட்டு இருக்கணுமா?"