எட்டடி தள்ளி நில்லு

நீங்கள் கொடுத்த நோட்டு நல்ல நோட்டு, இன்ஸ்பெக்டர் மேடம். தாள் கனமாக இருக்கிறது. மை மறுபக்கம் ஊறவில்லை. நான் வழக்கமாக எழுதுவது மலிவான நாற்பது பக்க நோட்டில். அதில் ஒரு பக்கம் எழுதினால் அடுத்த பக்கத்திலும் அதே எழுத்து பள்ளமாக விழுந்திருக்கும்.

கேட்டால் எனக்குப் பேச்சு வராது என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. எழுதினால் வரும். நேற்று நீங்கள், மேடை லிப்டை இயக்கும் லிப்ட் அண்ணன் மேல் போட்ட வழக்கில் நான்தான் முதல் சாட்சி, கோர்ட்டில் கூண்டில் ஏறி எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றீர்கள். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் காலையில் நோட்டு கேட்டேன்.

பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியே டீ கொண்டுவரும் கான்ஸ்டபிள் அக்காவே முணுமுணுக்கிறார். ‘எட்டடி தள்ளி நில்லு, என்னைப் பார்த்துக் கண்ணடி.’ போன வருஷம் இந்தப் பாட்டுக்கு ஆடாத கால் இல்லை. பஸ் நிறுத்தத்தில் பிள்ளைகள் எட்டடி பின்னால் நடந்து பெரியவர்கள் காலை மிதித்தார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையே பின்னால் நடந்து நாற்காலியோடு விழுந்தார் என்று அம்மா சொல்லிச் சிரித்தாள்.

அதை நான் எழுதினேன். பாட்டாக எழுதவில்லை. பத்தாம் வகுப்பில் ஒருநாள் டீச்சர் என்னை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. “வாசிக்கிற வரைக்கும் உக்காரக் கூடாது, கல்லுளிமங்கி” என்றார். இரண்டு பீரியட் நின்றேன். பிறகு பாவாடை நனைந்தது. முன் வரிசைப் பெண்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அன்று சாயங்காலம் நோட்டில் எழுதியது இது:

எட்டடி தள்ளி நில்லு
என் பக்கம் பார்க்காதே
அப்போது சொல்கிறேன்
இத்தனை நாள் சொல்லாததை.

நோட்டுகளை மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். பியூஸ் போன அன்று அக்கா கையில் அந்த நோட்டு அகப்பட்டது. படித்துவிட்டு அழுதாள். அவள் அப்போது மூன்று தோழிகளோடு சேர்ந்து ஒரு குழு நடத்திக்கொண்டிருந்தாள். திறப்பு விழாக்களில் ஆடிப் பாடுவார்கள். அழுத கையோடு அதை இசையமைப்பாளரிடம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் இரண்டாவது வரியை மாற்றி, வேகத்தைக் கூட்டினார். நான்காவது வாரம் தெருவில் எல்லாக் கடையிலும் அது ஓடியது.

எனக்குக் கோபம் வரவில்லை. “யாருக்கும் சொல்லக் கூடாது” என்று மட்டும் கேட்டேன். அக்கா என் தலையில் கை வைத்து, “உன் தலைமேல சத்தியம்டி” என்றாள்.

அக்காவைப் பற்றித் தப்பாக நினைக்காதீர்கள். சின்ன வயதிலிருந்து எனக்கு வாய் அவள்தான். கடையில் நான் கை காட்டுவேன், அவள் கேட்பாள். டாக்டர் என் வயிற்றைத் தொட்டு “வலிக்குதா?” என்றால், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் பதில் சொல்வாள். வாயில்லாப்பூச்சி என்று ஊர் சொன்னதைச் சுருக்கி, பூச்சி என்று செல்லப்பெயராக்கியதும் அவள்தான். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

அந்த வேலையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

ஆடும்போது நாலு பேர் காதிலும் சின்னக் கருவி இருக்கும். பாட்டுச் சத்தத்திலும் புகையிலும் அவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. மேடைக்கு ஓரமாக ஒரு பலகைப் பெட்டி. அதற்குள் உட்கார்ந்து ஒருத்தி எண்ணிக்கை சொல்ல வேண்டும். அதுதான் நான். பெட்டிக்குக் கதவு உண்டு. உள்ளே என்னை யாரும் பார்க்க முடியாது. அங்கே மட்டும் எனக்குக் குரல் தடையில்லாமல் வந்தது. ஊரெல்லாம் கேட்ட பாட்டுக்குள் நாலு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி என் குரல் இருந்தது. வாழ்க்கையில் எனக்கு அதைவிடச் சந்தோஷமான வருஷம் இல்லை.

பாட்டின் நடுவில் மேடைக்குப் பின்பக்கத் தரை, சதுரமாக, கீழே இறங்கும். அதன் மேல் இருக்கிற புகை மெஷினைக் கீழே எடுத்துவிட்டு, வெறும் பலகையை மறுபடி மேலே ஏற்றுவார் லிப்ட் அண்ணன். பலகை தரையோடு சேர்ந்ததும், என் காதுக் கருவியில் மட்டும் கேட்கிற மாதிரி “மட்டம்” என்பார். அதற்குப் பிறகுதான் நான் எண்ண ஆரம்பிப்பேன். மற்ற மூன்று பேர் முன்னால் போக, அக்கா கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தபடி எட்டடி பின்னால் நடப்பாள். ஆறாவது அடியில் பலகை ஆரம்பம். எட்டாவது அடியில் அது அவளைத் தூக்கிக்கொண்டு மேலே போகும்.

எங்களுக்குள் விதி ஒன்றே ஒன்று. எண்ணிக்கை கேட்காவிட்டால் யாரும் காலெடுக்கக் கூடாது.

“திரும்பிப் பார்க்க பயமா இல்லையா?” என்று ஒரு பேட்டியில் கேட்டார்கள். “எதுக்குத் திரும்பணும்? என் காதுல ஒரு பூச்சி இருக்கு, அது சொன்னா நான் கிணத்துலயும் இறங்குவேன்” என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

அது நடந்த அன்று சாயங்காலம் நேரடி ஒளிபரப்பு. மூன்று மணிக்கு ஒத்திகை. இரண்டரைக்கு ஒப்பனை அறையில் அக்கா என்னை உட்கார வைத்து என் தலைமுடியைச் சீவ ஆரம்பித்தாள்.

“இன்னைக்குப் பாட்டு முடிஞ்சதும் உன்னை மேடைக்குக் கூப்பிடப் போறேன். எழுதினது யாருன்னு ஊருக்குத் தெரியணும்.”

“வேணாம்க்கா.”

“ஒரே ஒரு வணக்கம் சொல்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

“பூச்சி மேடைக்கு வந்தா மைக் பயந்துடும்டி” என்றாள் குழுவில் உயரமானவள், நாங்கள் நெட்டை என்று கூப்பிடுகிறவள்.

“நீ சும்மா இரு, விளக்குக் கம்பம்” என்று அக்கா அவளை அடக்கினாள். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, மெதுவாக, “உங்க டீச்சருக்கும் டிக்கெட் அனுப்பியிருக்கேன். முதல் வரிசை. அந்தம்மா மூஞ்சி போற போக்கை நான் பார்க்கணும்” என்றாள்.

“சத்தியம் பண்ணினியே.”

“ஆமா, பண்ணினேன். எத்தனை நாள்டி பெட்டிக்குள்ளேயே உக்காந்திருப்ப? நான் இல்லாட்டி யாரு உனக்காகப் பேசுவா?”

மேசையில் அன்றைய நிகழ்ச்சி அட்டை இருந்தது. அதில் என் முழுப்பெயர் அச்சாகியிருந்தது. அக்கா என் பின்னலில் ஒரு வெள்ளிக் கிளிப் குத்தினாள். கை மிகவும் மென்மையாக இருந்தது. இதையும் இந்த நோட்டில் கட்டாயம் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

ஒத்திகை ஆரம்பித்தது. விளக்கு, புகை எல்லாம் சாயங்கால நிகழ்ச்சிக்குப் போடுவதுபோலவே போட்டார்கள். பாட்டின் நடுவில் பலகை கீழே போனது. என் காதில் லிப்ட் அண்ணன் குரல் வந்தது.

“பூச்சிம்மா, இரு. மேல வராம கீழயே சிக்கிக்கிச்சு. ஆரம்பிக்காத.”

ஒரு மூச்சு விட்டு மறுபடியும் சொன்னார். “கேக்குதாம்மா? ஆரம்பிக்காத.”

தெளிவாகக் கேட்டது, மேடம். சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லையோ என்று முதல் நாளே இரக்கப்பட்டுக் கேட்டீர்கள். விழுந்தது. நாங்கள் இருவரும் பேசுவது எங்கும் பதிவாகாது என்பதும் எனக்குத் தெரியும். “அவர் மட்டம்னு சொன்னாரா?” என்று நீங்கள் கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. ஆமாம் என்று தலையைத்தான் ஆட்டினேன். குழுவின் மற்ற மூன்று பேரும் எண்ணிக்கை வழக்கம்போல் கேட்டது என்று சொன்னார்கள். அதுவும் உண்மை. உங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. லிப்ட் அண்ணனைக் கைது செய்து அழைத்துப் போகும்போது, “பூச்சிம்மா, நீயே சொல்லும்மா, நான் நிறுத்தச் சொன்னேன்ல?” என்று கேட்டார். அவர் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்றைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு நாளாக அவர் மனைவி உங்கள் ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டி வரும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

அம்மா எல்லோரிடமும், “அவ என்ன பண்ணுவா பாவம், நிறுத்தச் சொல்ல வாய் வந்திருக்காது, அடைச்சுப் போயிருக்கும்” என்று சொல்லி அழுகிறாள். அம்மாவுக்கு எங்கள் வேலை தெரியாது. என் குரல் அடைத்திருந்தால் எண்ணிக்கை வந்திருக்காது. எண்ணிக்கை வராவிட்டால் அக்கா காலெடுத்திருக்க மாட்டாள். பாட்டு ஓடட்டும் என்று அசையாமல் நின்றிருப்பாள். நான் ஒன்றும் செய்திருக்க வேண்டியதே இல்லை. பிறந்ததிலிருந்து எப்படி இருந்தேனோ அப்படி இருந்திருந்தால் போதும்.

அன்று அடைக்கவில்லை. ஒண்ணு என்றேன். அக்கா காலைப் பின்னால் வைத்தாள். பெட்டியில் சின்னத் துவாரம் உண்டு, அதன் வழியாகத் தெரிந்தது. ரெண்டு, மூணு. வெறும் நாற்காலிகளைப் பார்த்துக் கண்ணடித்தாள். நாலு, அஞ்சு. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு என்று சொன்னபோது அங்கே புகை மட்டும்தான் இருந்தது. நான் எட்டு வரை எண்ணினேன். பாதியில் நிறுத்தினால் மற்ற மூன்று பேருக்கும் அடி தப்பிவிடும்.

கீழே பதினெட்டு அடி என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

அவள் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அது தவறினால் போக வேண்டியது என் தலை. போனது அவளுடையது. வீட்டுக்குப் போனதும் பின்னலிலிருந்து கிளிப்பை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் அதோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று வழியில் யாரோ அந்தப் பாட்டைப் போட்டார்கள். என் கால் தானாகப் பின்னால் போனது, ஆறாவது அடியில் நின்றுவிட்டேன்.

லிப்ட் அண்ணனை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், கையெழுத்தும் போட்டுவிட்டேன். இனி என்னைக் கூண்டில் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை என்று நினைக்கிறேன். கோர்ட்டில் இதை வாய்விட்டுப் படித்தே ஆக வேண்டும் என்றால், தயவு செய்து நீங்கள் படியுங்கள். உங்களுக்குச் சிரமம்தான். அக்கா இருந்திருந்தால் எனக்காக அவளே படித்திருப்பாள்.