நீளம் சரியாக இருந்த நகல்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை முதல் தாளில் தனியே குறிக்கப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. தொழில், கணினி நிரல் எழுதுவதும் பிறர் எழுதிய நிரலைப் படித்துப் பார்ப்பதும். முதல் தாளில் 'சாட்சி / குற்றம் சாட்டப்பட்டவர்' என்று அச்சிட்டு, பொருந்தாததை அடிக்கவும் என்று போட்டிருக்கிறது. நான் பேசத் தொடங்கும்போது இரண்டில் எதுவும் அடிக்கப்படவில்லை. எதை அடிப்பீர்கள் என்று கேட்டேன். "நீங்க சொல்லி முடிங்க சார், பார்த்து அடிச்சுக்கலாம்" என்று காவல் நிலைய எழுத்தர் சொன்னார்.

நான் வேலை செய்யும் நிறுவனம் பிறருடைய கோப்புகளைப் பாதுகாத்துத் தருகிறது. நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவுகளும் அவற்றில் அடக்கம். ஒரு கோப்பை ஒரே கணினியில் வைக்காமல் துண்டுகளாக்கிப் பல கணினிகளில் வைப்போம். பழைய கணினிகளிலிருந்து புதியவற்றுக்கு நகல் எடுக்கும்போது ஒவ்வொரு துண்டையும் படியெடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டு, எல்லாம் சரியாக இருந்தால்தான் நிரல் 'முடிந்தது' என்று காட்டும். அது மெதுவாக நடக்கிறது என்பதைத் தவிர அதன் மேல் வேறு புகார் இருந்ததில்லை.

சென்ற ஆண்டு, எங்கள் பிரிவில் ராக்கெட் என்று அழைக்கப்படும் பொறியாளர் இந்த நிரலை மாற்றி எழுதினார். புதிய முறைப்படி, முழு நீளத்துக்கு ஒரு வெற்றுக் கோப்பை முதலில் உண்டாக்கி, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே சமயத்தில் உத்தரவு அனுப்பி, உத்தரவு போனதுமே 'முடிந்தது' என்று காட்டிவிடும். அதன் பிறகு, இடத்தை மிச்சப்படுத்த, மூலக் கோப்பு அழிக்கப்படும்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் செய்யும் மாற்றத்தை இருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். அந்த இருவரில் நான் ஒருவன். நான் பார்ப்பதற்கு முன்பே பிரிவில் உள்ளவர்கள் கருத்துச் சொல்லியிருந்தார்கள். நிரலில் வரும் ஒரு பெயர் நீளமாக இருப்பதாக ஒருவரும், அதே பெயர் இன்னும் விளக்கமாக இருக்கலாம் என்று இன்னொருவரும் வாதாடியிருந்தார்கள். மேலாளர் ஒரு வரிக்கு முன்னால் இடைவெளி கூடுதலாக இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். அதன் பிறகு நான் என் குறிப்பை எழுதினேன். ஏதாவது ஒரு கணினி பதில் சொல்லாவிட்டால் நகலின் நீளம் சரியாக இருக்கும், அந்தக் கணினிக்குரிய துண்டுக்குள் ஒன்றும் இருக்காது, அப்போதும் 'முடிந்தது' என்றுதான் காட்டும், மூலமும் போய்விடும் என்று எழுதினேன். அதன் கீழே, ஆகவே ஒப்புதல் தர மறுக்கிறேன் என்று எழுதி, காரணங்களையும் சோதித்துப் பார்க்கும் வழியையும் விரிவாகச் சேர்த்தேன்.

ராக்கெட் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டார். அதன் பிறகு மேலாளர் என்னை அறைக்கு அழைத்து, "நீ சொல்றது நூத்துக்கு நூறு சரிப்பா. ஆனா எல்லாரும் ஓடிட்டிருக்கும்போது நீ மட்டும் நின்னு செருப்பு வாரைப் பார்த்துட்டிருக்கியே" என்றார். அதன் பிறகு படிப்பவர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு, விடுப்பில் இருந்த ஒருவரின் பெயரைச் சேர்த்தார். அவர் பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே கைப்பேசியில் ஒப்புதல் கொடுத்தார். இதை அவரே பிறகு பெருமையாகச் சொன்னார். நான் மேலிடத்துக்கு எழுதினேன். என் ஈடுபாட்டைப் பாராட்டிப் பதில் வந்தது.

அதன் பிறகு, விபத்து வழக்கில் சிக்கிய பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மேல்முறையீட்டில் அவருடைய விசாரணைப் பதிவைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். சிக்னலில் என்ன விளக்கு எரிந்தது என்ற கேள்வி வரை பதிவு இருந்தது. அதற்கு மேல் ஓசை இல்லை, நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவில் வெற்றுத் துண்டு என்பது காதுக்கு அமைதிதான். இக்கேள்விக்கு ஓட்டுநர் மௌனம் சாதித்தார் என்று தீர்ப்பில் எழுதி, தண்டனையை உறுதி செய்தார்கள். பதிவை யாரோ அழித்துவிட்டதாக ஓட்டுநர் புகார் கொடுத்தார்.

சென்ற வாரம் இந்த நிலையத்துக்கு முதல் முறை வந்தேன். கைவைத்த நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்தார்கள். "நீங்க சாட்சிதான் சார், பயப்படாதீங்க" என்று ஆய்வாளர் சொன்னார். நடந்ததை விளக்கினேன். எழுத்தர் பேனாவை நிறுத்தி, "அதாவது, கூட்டத்துக்கு நாற்காலி போட்டாச்சு, ஆளு வரலை, அரங்கம் நிரம்பி வழிஞ்சுதுன்னு எழுதியாச்சு. அப்படித்தானே?" என்றார். அதைவிடச் சரியாக என் அலுவலகத்தில் யாரும் சொன்னதில்லை. வெளியே வரும்போது ஓட்டுநரைப் பார்த்தேன். "தம்பி, பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கிறேன்னு வீட்டுல இத்தனை வருஷமா திட்டு வாங்கறேன். என்னைப் போய் மௌனம்னு எழுதிட்டாங்களே. பச்சை, பச்சைன்னு கத்தினேன் தம்பி" என்றார். தெரியும் என்றேன். "தெரிஞ்சு?" என்று கேட்டார்.

அதன் பிறகு என் அலுவலகத்தில் மற்றவர்களை விசாரித்தார்கள். படிக்காமலே ஒப்புதல் கொடுத்தோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். படிக்காதவர்களுக்கு விவரம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இன்று காலை என் மனைவி, "மத்தவங்க மாதிரி நீங்களும் ஒரு கட்டைவிரலைக் காட்டிட்டு வந்திருக்கலாம்ல? உங்களை யாரு எழுதச் சொன்னா?" என்றார். வழியில் அவர் கொடுத்தனுப்பிய பையைத் திறந்தேன். குளிக்கிற துண்டும் பல் பிரஷும் வைத்திருந்தார்.

இன்று பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். என் நிறுவனம் கொடுத்த நான்கு தாள்களை ஆய்வாளர் காட்டினார். முதல் தாளில் என் குறிப்பு, 'மூலமும் போய்விடும்' என்பது வரை இருந்தது. "எல்லாம் தெரிஞ்சிருக்கு உங்களுக்கு. தெரிஞ்சும் சும்மா இருந்திருக்கீங்க" என்றார். மறுத்தது அடுத்த வரியில் இருக்கிறது என்றேன். தாளைத் திருப்பினார். மீதி மூன்றும் வெள்ளையாக இருந்தன.

எங்கள் குறிப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய கோப்பு. அதன் ஒரு துண்டு என் குறிப்பின் நடுவே முடிந்து அடுத்தது தொடங்குகிறது. அந்தக் கோப்பையும் புதிய முறையில்தான் நகல் எடுத்திருக்கிறார்கள். அடுத்த துண்டு வந்து சேரவில்லை, மூலமும் இல்லை. இந்த வெள்ளைத் தாள்தான் நான் சொன்ன பிழை, இதைவிடச் சாட்சி வேண்டாம் என்றேன். ஆய்வாளர் தாள்களோடு நிறுவனம் இணைத்திருந்த நகல் சான்றிதழை எடுத்துப் பார்த்து, "நீளம் சரியா இருக்கே சார். முடிந்ததுன்னும் போட்டிருக்கே" என்றார்.

அதன் பிறகு நான்கு தாள்களிலும் கையெழுத்துக் கேட்டார்கள். எழுத்தே இல்லாத தாளில் எதற்கு என்று கேட்டேன். போடாவிட்டால் எதையோ மறைப்பதாக ஆகும் என்றார் ஆய்வாளர். வெள்ளைத் தாளின் நடுவே பேனாவை வைத்தேன். எழுத்தர் என் கையைப் பிடித்து, "அடியில போடுங்க சார். மேல இடம் வேணும்" என்றார். அடியில் போட்டேன்.

இதுவரை உள்ளதை எழுத்தர் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இணைத்துள்ள நான்கு தாள்களும், எழுத்தில்லாத மூன்றும் உட்பட, நான் எழுதிய குறிப்பின் முழுமையான நகல் என்று யாருடைய வற்புறுத்தலும் இன்றி ஒப்புக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
சாட்சி / குற்றம் சாட்டப்பட்டவர்