ஓரத்துக் கறை

— இந்த ஓரத்த மட்டும் மவுண்ட் அட்டைக்குள்ள தள்ளி மறைச்சுப்போடறேன் தங்கச்சி. கறை ஒண்ணு இருக்குது. கண்காட்சிக்கு வர்றவன் கண்ணுல மொதல்ல அதுதான் படும்.

— வேண்டாங்கண்ணா. ஒரு நூலு கூட மறைக்க வேண்டாம்.

— அட, அரை இஞ்சுதான். இத்தன வருசமா உன் ஊட்டுக்காரன் படத்துக்கெல்லாம் நாந்தான பிரேம் போடறேன்? கோட்டைமேட்டுல இல்யாஸ் கடை எதுன்னு கேட்டா, பிரவீன் வரைஞ்ச மலைப்படம் தொங்கற கடைன்னுதான் சொல்லுவாங்க. அவனே சொல்லுவான், ‘ஓரத்த நீ பாத்துக்க மச்சான், மலைய நான் பாத்துக்கறேன்’னு. சரியா?

— சொல்லுவாருங்கண்ணா. இந்தப் படத்துக்குச் சொல்றதுக்கு அவரு இல்லீங்களே.

— என்னத்த சொல்ல... சரி, மறைக்கல. ஒக்காரு அன்புக்கரசி. டீ சொல்றேன்.

— டீ வேண்டாமுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயர்றேன். இந்தப் படத்த அவரு எங்க ஒக்காந்து வரைஞ்சாரு?

— இதென்ன கேள்வி? போன வருசம் நானும் அவனும் ஏறுன அதே இமயமலையிலதான். அவன் பை வந்துருச்சுன்னு நீதான போன்ல சொல்லி அழுத?

— வந்துச்சுங்க. இந்த வருசம் பனி உருகி, ஆடு மேய்க்கறவங்க கண்டெடுத்து, போலீசுல குடுத்து, பார்சல்ல வந்துச்சு. பை மட்டும். ஆளு இல்ல.

— ஆளு வராதும்மா. அவன் உழுந்த பள்ளம் அப்படி.

— அதத்தான் எங்க மாமியாருக்கு இன்னும் சொல்ல முடியல. வாசல்ல பார்சல் வண்டி நின்னதும், எம் பையன் வந்துட்டானான்னு எந்திரிச்சு வந்துட்டாங்க... அது கெடக்குதுங்க. பைக்குள்ள, அவரு படம் சுருட்டி வைக்கற அந்த மோட்டாரு பைப்பு இருந்துச்சு.

— அதுக்குள்ள சுருட்டி வெச்சிருந்ததா இது? அல்லா! ஒரு வருசம் பனிக்குள்ள கெடந்தும் ஒரு சொட்டுத் தண்ணி எறங்கலையே. தோட்டத்துப் பைப்ப அறுத்து, ரெண்டு பக்கமும் மூடியப் போட்டு, தோள்ல மாட்டிட்டு வருவான். டெல்லி ஸ்டேஷன்ல போலீசுக்காரன் துப்பாக்கின்னு நெனச்சு எங்க ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சுட்டான் ஒருக்கா. அவன் என்ன பண்ணுனான் தெரியுமா? காத்திருக்கற நேரத்துல அந்தப் போலீசுக்காரனோட மீசைய வரைஞ்சு குடுத்தான். உட்டுட்டாங்க.

— சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க. பைப்புக்குள்ள இருந்த மத்த படமெல்லாம் எனக்கு அடையாளம் தெரியுது. இது டெண்ட்டு போட்ட எடம், இது நீங்க தாண்டுன ஓடை. நீங்க காட்டுன போட்டோவுல பாத்திருக்கறேன். இது ஒண்ணு மட்டும் புடிபடல.

— கொண்டா, வெளிச்சத்துல பாப்போம். ம்ம்... மொத நாளு ஏறும்போது வரைஞ்சதா இருக்கும்.

— ரெண்டாப் பொளந்த பாறை ஒண்ணு இருக்குது பாருங்க. மத்த படத்துல எல்லாம் அது வலது கைப்பக்கம் நிக்குது. இதுல எடது கைப்பக்கம்.

— மாத்திப் போட்டிருப்பான்.

— அவருங்களா?

— ...இல்ல. அவன் மாத்த மாட்டான்.

— ஒக்காந்த எடத்துல இருந்து கண்ணுக்கு என்ன தெரியுதோ அதத்தான் வைப்பாரு. வெள்ளியங்கிரி ஏழாவது மலையில ஒக்காந்து தொண்டாமுத்தூர வரைஞ்சாரே, அதுல நம்மூட்டுக் கூரைய ஒரு புள்ளியா வைங்கன்னு எத்தன கெஞ்சுனேன்! தென்னமரம் மறைக்குது, தெரியாதத எப்படி வைக்கறதுன்னுட்டாரு. பொண்டாட்டி கேட்டதுக்கு ஒரு புள்ளி.

— அது மட்டுமா? மலைப்படத்துல ஒரு ஆளக்கூட வைக்க மாட்டான். வயித்துப் பாட்டுக்குப் பள்ளிக்கூடப் புஸ்தகத்துக்குப் படம் போட்டுப் போட்டு மனுச மூஞ்சியே சலிச்சுப்போச்சுன்னுவான். மலைக்கு வந்தா மலை மட்டும்தான். சரியா? நானே ஒருக்கா என்னைய வைடான்னு கேட்டேன். ‘நீ என்ன சிகரமா’ன்னு கேட்டுட்டான்.

— இந்தக் கலர் எல்லாம் ஏனுங்க இப்படிப் பூப்பூவா இருக்குது?

— அது உறைஞ்ச தடம்மா. காயறதுக்குள்ள கலர் உறைஞ்சா இப்படித்தான் பூ உழுந்துரும். அது வரக்கூடாதுன்னுதான் தண்ணியில சித்த பிராந்திய ஊத்திக்குவான். நான் குடிக்காதவன், அவனும் குடிக்காதவன், ஆனா பையில எப்பவும் பாட்டில் இருக்கும். இதுல பிராந்தி ஊத்தல. வெறும் பனிய உருக்கி வரைஞ்சிருக்கான்.

— பிராந்தி எங்க போச்சுங்க?

— எங்கிட்ட இருந்துச்சு. அன்னிக்குக் காத்தால, பை நெம்ப கனக்குதுன்னான். நாந்தான் பாட்டில வாங்கி எம் பையில போட்டுக்கிட்டேன். அன்னிக்கு ஒரு நாளு...

— அன்னிக்குன்னா, அவரு உழுந்த அன்னிக்குங்களா?

— தங்கச்சி, இதோட உட்டுரு.

— முடியலீங்கண்ணா. போன வருசம் வந்து எங்கிட்ட என்ன சொன்னீங்க?

— உழுந்ததும் உசுரு போயிருச்சுன்னு சொன்னேன். ஒரு நொடி கூட வேதனைப்படலைன்னு சொன்னேன். பொய் இல்லம்மா. எம் புள்ள இஃப்ரா மேல சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். பனித் திட்டு ஒடைஞ்சுது, அவன் போனான், கயிறும் அவனோட போச்சு. மூட்டம் வந்து மூடிருச்சு. தொண்ட கிழியக் கத்துனேன். ஒரு பதில் இல்ல. ஒரு மொனகல் இல்ல.

— அந்த ஒரு வார்த்தைய வெச்சுத்தானுங்க இந்த ஒரு வருசமும் சோறு தின்னேன். முழிப்பு வரும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்குவேன், நொடி கூட வேதனைப்படலைன்னு. இந்தப் படம் வந்து அதையும் புடுங்கிப்போட்டுது.

— அந்தப் பாறை எடது பக்கமாத் தெரியற எடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. நாங்க நடந்த தடத்துக்கு நேர் கீழ. அவன் உழுந்த பக்கம்.

— தெரியுமுங்க. உங்க வாயால கேக்கோணும்னுதான் வந்தேன்.

— அப்ப உசுரோட இருந்திருக்கான். நான் கத்தக் கத்த உசுரோட இருந்திருக்கான்! நான் உட்டுப்போட்டு வந்துட்டேனேம்மா... டெண்ட்டு வாசலுக்கு வந்து திரும்பிப் பாத்தேன். மூட்டமெல்லாம் கலைஞ்சு வெயிலு பளீர்னு அடிச்சுது. மலை முச்சூடும் தெரிஞ்சுது. அவன் மட்டும் தெரியல.

— எப்படித் தெரியும்? அந்தச் சாம்பக் கலர் சட்டைதான போட்டிருந்தாரு.

— அதேதான். எத்தன சண்டை போட்டிருப்பேன்! மலைக்கு வந்தா பளிச்சுன்னு போடோணும், அப்பத்தான்டா தேடறவனுக்குத் தெரியும்னு. கேட்டானா? செவப்புப் போட்டா பேப்பர் மேல செவப்பு அடிக்குது, பனி பனியா இருக்க மாட்டேங்குதுன்னுவான்.

— நான் ஆர்.எஸ்.புரத்துல வாங்கிக் குடுத்த செவப்புச் சட்டை பிரிக்காமயே பீரோவுல கெடக்குதுங்க.

— எனக்கு மட்டும் தேடித் தேடி ஆரஞ்சு வாங்கிக் குடுத்தான். ‘நீ எங்க நின்னாலும் எங் கண்ணுக்குத் தெரியோணும் மச்சான்’னான்.

— ஏனுங்கண்ணா, நீங்க கத்துனது அவருக்குக் கேட்டிருக்குங்களா?

— கேக்காம எப்படி இருக்கும்? ஏன் ஒரு சத்தம் குடுக்கல? வாயால முடியலைன்னா கழுத்துல விசிலு தொங்குதே! விசில் கேட்டா என்ன ஆனாலும் போயே ஆகோணும். அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருந்த பேச்சு. ஒரு ஊது ஊதியிருந்தா எறங்கியிருப்பேனே!

— கயிறில்லாமயுங்களா?

— கயிறில்லாமத்தான். மிச்சப் பனியும் ஒடையற மாதிரி தொங்கிட்டுத்தான் இருந்துச்சு. கால வெச்சா நானும் போயிருப்பேன். போனாப் போகட்டும்மா. எறங்கியிருப்பேன்.

— அது அவருக்குத் தெரியுமுங்க. இந்தாங்க, புடிங்க.

— இது... அவன் விசிலு.

— கழுத்துல இல்லீங்க. காலுறைக்குள்ள சுருட்டி, பையோட அடியில வெச்சு, ஜிப்பப் போட்டிருந்தாரு. வலி தாங்காம ஊதிப்போடுவோமோன்னு பயந்திருப்பாரு.

— அடப் பாவி... டேய்... என்னடா பண்ணி வெச்சிருக்க...

— அழுவுங்க. நான் அழுது முடிச்சுட்டுத்தான் பஸ் ஏறுனேன். எனக்கு அவரு மேல வெகு கோவமுங்கண்ணா. ஊட்டுல நானொருத்தி இருக்கறேனே, என்னைய நெனச்சாவது ஒரு ஊது ஊதக்கூடாதா? உங்க மேலயும் கோவம். நீங்க மட்டும் முழுசா வந்துட்டீங்களேன்னு.

— திட்டும்மா. நல்லாத் திட்டு.

— திட்டலாம்னுதான் இருந்தேன். நேத்துப் பொழுதோட இதத் தொடைச்சு வைக்கறப்ப இந்த ஓரம் கண்ணுல பட்டுது.

— கறையா? தூரிகைய உதறும்போது தெறிச்சதும்மா அது.

— உங்க லென்ஸ எடுத்து வெச்சுப் பாருங்க.

— மஞ்சளா ஒரு புள்ளி... இது எங்க டெண்ட்டு. அதுக்கு முன்னால ஆரஞ்சுல... தங்கச்சி, இத நீ புடி, கண்ணத் தொடைச்சுக்கறேன்.

— லென்ஸ நான் புடிக்கறேன். ஆரஞ்சுக்கு மேல பாருங்க. ஊசிமொனையாட்டம்.

— மூஞ்சி. மூஞ்சிக் கலருல ஒண்ணு வெச்சிருக்கான்.

— டெண்ட்டு வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தேன்னு சொன்னீங்களே. நீங்க பத்தரமாப் போய்ச் சேந்து மலையத் திரும்பிப் பாத்தப்ப, அவரும் உங்களத்தானுங்கண்ணா பாத்துட்டு இருந்திருக்காரு.