தம்பிக்குப் பாசம் கிடையாது

வீட்டுக்கு வருகிறவர்களை முகம் கோணாமல் கவனிப்பவள் என்று எனக்குப் பெயர் உண்டு. யார் மனம் எதில் நோகும் என்பது எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். என் தம்பிக்கு அது வராது. அவனுக்கு ஆட்டிசம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். ஒருவர் கண்ணையும் நேராகப் பார்க்க மாட்டான். இவர்களுக்குப் பாசம் இருக்காது, தனியாக விட்டால் போதும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இத்தனை பேர் தப்பாகச் சொல்வார்களா?

அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அங்கிருந்த தலையணை உறை சொரசொரப்பாக இருக்கிறது என்று வீட்டிலிருந்து பழைய உறையைத் துவைத்து எடுத்துப் போனான். மாட்டிவிட்டு, அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்க்க வந்தவர்கள் முன்னால் எனக்குத்தான் கூச்சமாகப் போயிற்று. இனிமேல் டாக்டர் யாரையும் உள்ளே விடமாட்டார் என்று அவனிடம் சொன்னேன். பொய் சொல்லத் தெரியாதவன், அப்படியே நம்பினான்.

அம்மா போனதும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானத்துக்குக் கொண்டுபோனோம். அவன் எங்கே என்று சித்தி கேட்டாள். கூட்டம் அவனுக்கு ஆகாது, விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவனிடம், அம்மா சித்தி வீட்டில் ஓய்வெடுக்கிறாள், தொந்தரவு செய்யாதே என்றேன். அழத் தெரியாதவனுக்குச் சாவுச் செய்தி எதற்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் செருப்பை எடுத்துக்கொண்டு அவனாகவே சித்தி வீட்டுக்குப் போய்விட்டான். விஷயம் அங்கே தெரிந்தது. திரும்பி வந்து என் வாசலில் நின்றான். கத்தவில்லை.

"அம்மா கடைசியில என்னைக் கேட்டாங்களா?"

உடன்பிறந்தவனிடம் எதற்கு மறைக்க வேண்டும்? "கேட்டுக்கிட்டே இருந்தாங்க. உனக்கு வர இஷ்டம் இல்லைன்னு சொல்லிட்டேன்."

"அம்மா நம்பினாங்களா?"

"நம்பினாங்க."

தரையைப் பார்த்தபடியே போய்விட்டான். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது சித்தி வீட்டில் இருக்கிறான். அவளோடு பேசுகிறானாம், கடை முதலாளியோடு சிரிக்கிறானாம். எனக்கு மட்டும் கதவைத் திறப்பதில்லை. கூடப் பிறந்தவள் என்று மிச்சமிருப்பவள் நான் ஒருத்திதான். இதிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம், இவர்களுக்கு உறவின் அருமை தெரியாது.