வெட்டிய இடத்தில் முளைத்த அலை

அவையை ஆளும் தலைவர் எவ்லின் அம்மையார் அவர்களே, துலூஸ் நகரத்துப் பெரியோர்களே, பிள்ளைகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஆறிப்போன சூப்போடு காத்திருந்த தாய்மார்களே, நாளை விண்ணேறும் செயற்கைக்கோளைக் கண்ணும் கருத்துமாய் வளர்த்த தோழர்களே, வணக்கம்!

நான் ரெமி. போன செயற்கைக்கோளுக்குத் தலைமை தாங்கியவன். தலைகுனிந்தவனும் நானேதான். சிரிக்காதீர்கள், கதை இன்னும் இருக்கிறது!

விண்ணிடம் என்ன கேட்டோம்? செயற்கைக்கோளுக்குள் வைத்த கனமான உருளையும் இலேசான உருளையும் ஒன்றுபோல் விழுகின்றனவா என்று கேட்டோம். இம்மி வேறுபாடு தெரிந்தாலும் இயற்பியலே இடம்பெயரும். பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகு பதில் வந்தது. செயற்கைக்கோள் ஒருமுறை சுழலும்போதெல்லாம் தரவில் ஓர் அலை, நாங்கள் தேடிய அதே வேறுபாடு! ஆடினேன், பாடினேன், உலகுக்கு அறிவிக்க நாளும் குறித்தேன்.

விருந்தில், தரவுகளை அலசும் சொலாஞ் மட்டும் தட்டைத் தொடவில்லை.

"என்ன சொலாஞ், மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"வெயில் பட்டா செயற்கைக்கோள் மேல சுத்தின தகடு படபடங்குமே, அந்த நொடித் தரவையெல்லாம் வெட்டி எறிஞ்சோம்ல ரெமி?"

"பின்ன, வச்சுக் கொஞ்சவா சொல்ற?"

"சுத்துக்கு ஒருதரம் வெட்டியிருக்கோம். நானா ஒரு பொய்த் தரவு பண்ணினேன். இரைச்சலும் மெல்ல ஏறுற சரிவும்தான், அலையே கிடையாது. அதையும் அதே இடத்துல வெட்டி ஒட்டினேன். உங்க அலை வந்து நிக்குது."

"போயும் போயும் இன்னிக்கா சொல்லணும்?"

"வேற எப்போ? நீங்க மேடை ஏறி எறங்கினப்புறமா?"

ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. யாரை நோக? வெட்டியது என் கை, வேண்டியதும் என் மனம்! அறிவிப்பை நிறுத்தினேன். வெட்டாமல், தகட்டின் படபடப்பையும் கணக்கில் சேர்த்து, மறுபடி முதலிலிருந்து அலசினோம். அலை அடங்கியது. தசமத்தில் பதினான்கு இடம்வரை இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

என்ன ஐயா, பின்வரிசையில்? 'அப்போ பன்னெண்டு வருசம் வீணா?' என்கிறீர்களா? வீணா! அத்தனை நுணுக்கமாக அதுவரை யார் அளந்தார்கள்? நாளை ஏறுவது நூறு மடங்கு கூர்மை. அதற்குத் தலைவி யார்? அந்தச் சொலாஞ்! கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

அதன்பிறகு எங்களிடம் ஒரு வழக்கம், விரும்பிய விடைக்கேற்ப யாரும் வெட்டி ஒட்டாதிருக்க. வரும் தரவில் ஒரு பொய் அலையை ரகசியமாகக் கலப்போம். அதன் அளவை உறையில் இட்டு ஒட்டுவோம். அலசும் முறையை முடிவுசெய்து எல்லாரும் கையெழுத்திடும்வரை உறை திறக்கப்படாது. இன்று காலை சொலாஞ் அந்த உறையை என் கையில் வைத்தாள்.

"என்கிட்டயா? நான் அவசரக்காரன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் குடுக்கிறேன். அவசரப்பட்டா என்ன ஆகும்னு உங்களவிட யாருக்குத் தெரியும்?"

இதோ, என் சட்டைப்பையில் இருக்கிறது. கை குறுகுறுக்கிறது, பொய் சொல்லமாட்டேன். திறக்கவும் மாட்டேன். வானம் சொல்லவேண்டியதை முதலில் சொல்லி முடிக்கட்டும். பொறுமையாய்க் கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி. வணக்கம்!