பதினான்கு குரோமோசோம்கள்

எனக்குக் காலையில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்காது, சார். பேராசை பிடித்த ஆள் இல்லை என்று விசாரணைக் குழு புரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

கொசுப்பூச் செடி உலகத்திலேயே ஊரப்பாக்கம் ஏரிக்கரையில் மட்டும்தான் முளைத்தது. அதன் செல்லுக்குள் பதினான்கு குரோமோசோம் என்று எண்ணிச் சொன்னவன் நான். டாக்டர் பட்டமே அதற்குத்தான். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கினால் பழைய மாணவர்கள் "பதினாலு சார்" என்று கும்பிடுவார்கள். ஒரு தாவரவியல் வாத்தியாருக்கு அதைவிட என்ன வேண்டும்?

எண்பத்தெட்டில் எங்கள் துறைக்கு ஜெயசீலி வந்தார். ஒரு நாள் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "சார், பதினாறு வருதே. நீங்க ஒரு தடவை பாக்கறீங்களா?" என்றார். மரியாதையான பெண், குறை சொல்ல மாட்டேன். பார்த்தேன். இரண்டு தடவை எண்ணினேன். "லீவு முடியட்டும்மா, புதுச் செடி பிடுங்கிட்டு வந்து எண்ணலாம்" என்றேன்.

ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் பச்சையம்மாவிடம் ஆடுகளைக் கொசுப்பூ இருக்கும் பக்கம் ஓட்டச் சொன்னேன். "இன்னா சார், என் ஆடு அத்த மோந்துகூட பாக்க மாட்டேங்குது" என்று சலித்துக்கொண்டாள். ஆடு தின்னாததையும் மனிதன் தின்பான் என்று அப்போதுதான் உறைத்தது.

பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம், கொசுப்பூக் கஷாயம் மூட்டுவலிக்குக் கைகண்ட மருந்து என்றேன். ஒரே ஒருவரிடம்தான், சார். அடுத்த ஞாயிறு அவர் ஊரான அஸ்தினாபுரமே வந்து ஏரிக்கரையில் குனிந்து நின்றது. வேரோடு பிடுங்கினால்தான் பலன் என்பதை மட்டும் நான் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தேன். பச்சையம்மாவே, "முட்டி இப்ப தேவல சார்" என்றாள். ஆக, நாலு பேருக்கு நல்லதும் நடந்திருக்கிறது.

ஜெயசீலி வீட்டுத் தொட்டியில் ஒரு செடி மிச்சம் இருந்தது. அதை அவருடைய மாமியார் ரசத்தில் போட்டுவிட்டார். அதற்கு முந்தின நாள் அந்த அம்மாளைப் பார்த்து முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தது நான்தான். ஜெயசீலியின் ஸ்லைடுகளைச் சுத்தமாகக் கழுவி வைத்ததும் நானே. என் பழைய ஸ்லைடிலும் அந்தக் கூடுதல் இரண்டு இருந்தன. தூசி என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். பதினான்கு தப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அறிவியலுக்கு ஆதாரம் வேண்டும், சார். ஜெயசீலியை ஒரே ஒரு செடி கொண்டுவரச் சொல்லுங்கள்; நானே உட்கார்ந்து நேர்மையாக எண்ணித் தருகிறேன்.