நானே ஓகே பண்ண ஃபிரிட்ஜ்

பிள்ளைப்பாக்கம் ஏரிமேல் பனி விலகவில்லை. எங்கள் ஃபிரிட்ஜ் கம்பெனி பஸ்ஸில் பாதிப் பேர் இன்னும் கனவில் இருந்தார்கள். அம்மா இறந்துபோனதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. முன்சீட்டு அக்கா ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் திடீரென்று சொன்னாள்.

“ஸ்டாஃப் டிஸ்கவுண்ட்ல வாங்கினேனே ஃபிரிட்ஜு, அத்த செக் பண்ணி ஓகே ஸ்டிக்கர் ஒட்டினது நான்தான்டி. பின்னாடி என் நம்பர் கீது.”

“அடிப்பாவி! கூலிங் நின்னதுக்கு நீயே காரணமா?”

“சர்வீஸ்காரன் மூணு வாட்டி வந்து கைய விரிச்சிட்டான். அம்மாவோட இன்சுலின மண்பானைல வெச்சினு கீறேன்.”

“நுகர்வோர் கோர்ட்ல போடு. வக்கீல் வேணாம், போன்லயே போடலாம்.”

“யாரு செக் பண்ணதுன்னு கேப்பாங்களே?”

“கேட்டா இன்னா சொல்லுவ?”

அவள் வெளியே பார்த்தாள். பனிக்குள் மரங்கள் மிதந்து போயின.

“செக் பண்ணவே இல்லன்னு சொல்லுவேன். அன்னிக்கு ஓவர்டைம், லைன் வேகமா ஓடிச்சு. சூப்பர்வைசர் ஒட்டு ஒட்டுன்னாரு, ஒட்டினேன்.”

“வேலை போயிடும்டி, லூசு.”

“போவட்டும். எங்கம்மா இன்னும் உசுரோட கீது.”

கம்பெனி இருக்கும் ஒரகடம் வருவதற்குள் அவள் போனில் புகாரை அனுப்பிவிட்டாள். பிறகு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் இறங்கிப் போனாள்.